வேலூர்ப் பாறையில் புதைபடிவம் கிடைக்குமா?

போன கோடையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையில் நாலைந்து துண்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். குடியாத்தம் பக்கம் அவருடைய சொந்தக்காரர் நிலத்தில் வாய்க்கால் வெட்டியபோது கிடைத்தவையாம். "நீதான் கல்லெல்லாம் சேர்க்கிறியே, பார்த்துச் சொல்லுப்பா. எலும்புதானே இது? யூடியூபில் சொன்ன மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒட்டுது" என்றார்.

பார்த்த மாத்திரத்தில் எலும்பு என்றே தோன்றும். விரல் மொத்தம், வெளுத்த நிறம், லேசான வளைவு, நடுவில் துளை. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து உடைந்த முனையைப் பார்த்தேன். எலும்பாக இருந்தால் வெளிச்சுவர் கெட்டியாகவும், உள்ளே போகப்போக ரொட்டித் துண்டைப் போல நுண்ணிய அறைகளாகவும் இருக்க வேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. சுண்ணாம்பு மாவில் மணலைப் போட்டுப் பிசைந்த மாதிரி, மணல் பருக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நடுத்துளை ஒரே அளவாக இல்லை. ஒரு பக்கம் குறுகி, இன்னொரு பக்கம் இரண்டாகப் பிரிந்து போனது. ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன். பட்ட இடமெல்லாம் நுரைத்தது.

அது சுக்கான் கல். நம் ஊர் செம்மண்ணிலும் கரிசலிலும் கொஞ்சம் தோண்டினாலே வரும். மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு, மரத்தின் வேரைச் சுற்றிப் படிந்து இறுகுகிறது. வேர் தண்ணீரைக் குடிக்கும், சுண்ணாம்பு வெளியே தங்கிவிடும். பிறகு வேர் மக்கிப் போகும், அது இருந்த இடம் துளையாக நிற்கும். அதனால்தான் அந்தத் துளை கிளை பிரிகிறது. எலும்பு மஜ்ஜைக் குழி அப்படிப் பிரியாது. நாக்கில் ஒட்டியதற்குக் காரணம் அதன் நுண்துளைகள். பழைய எலும்பும் ஒட்டும், சுக்கான் கல்லும் ஒட்டும், சுடாத மண்பாண்டமும் ஒட்டும். பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் அங்கே ஒரு மரம் நின்று தண்ணீர் குடித்ததன் தடம் அது என்று சொன்னதும், ஒரு துண்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தத் துண்டுகளைப் பற்றிச் சொல்லக் காரணம், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டில் புதைபடிவம் சேர்க்க ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். "இது என்ன?" என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் "இது எந்த நிலத்தில் கிடந்தது?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வேலூர்க் கோட்டை மதிலைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள குன்றுகள், ஜவ்வாது மலை எல்லாம் பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் என்ற வகைப் பாறைகள்தான். இவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஓடும் எலும்பும் உள்ள உயிரினங்கள் உலகில் பெருகத் தொடங்கியதே ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது நத்தையும் மீனும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே நம் மலைகள் கல்லாகிவிட்டன. அதோடு சார்னோகைட் போன்றவை பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடமும் உருவத்தோடு மிஞ்சாது. அதனால் "ஏலகிரியில் பாறையை உடைத்தபோது உள்ளே சிப்பி இருந்தது" என்று யாராவது சொன்னால், கல்லைப் பார்க்காமலே சந்தேகப்படலாம்.

படிவம் வேண்டுமென்றால் படிவுப் பாறை வேண்டும். சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. அது நமக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயரைத் தமிழகத் தொல்லியல் படிப்பவர்கள் அறிவார்கள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். அவர் நிலவியலாளரும்கூட. பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலை அவர் எழுதியது 1873-ல் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள படிவுப் பாறைகளும் அவற்றில் உள்ள தாவரப் படிவங்களும் அதில் வருகின்றன. நம் ஊரிலிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தூரம்தான். டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த அந்த வெளிர் நிறக் களிப்பாறையை அடுக்கின் ஓரமாகக் கத்தி வைத்துப் பிளந்தால், சில நேரம் ஈச்ச ஓலை மாதிரி ஒரு இலைப் பதிவு வெளியே வரும். டிலோபில்லம் என்ற, இன்று உலகில் இல்லாத தாவரம். நடு நரம்பும், இரு பக்கமும் சீப்புப் பல் போல வரிசையாக நிற்கும் சிற்றிலைகளும், அந்தச் சிற்றிலைக்குள் ஓடும் இணை நரம்புகளும் லென்ஸில் தெரியும்.

இந்த நரம்புகளை மனதில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் பலரை ஏமாற்றும் இன்னொன்றைப் பாருங்கள். கல் குவாரியில் பாறை பிளந்த பரப்பில் கறுப்பாக, பெரணி இலையைப் படம் வரைந்த மாதிரி கிளை விரியும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அது இலை கிடையாது. மாங்கனீசும் இரும்பும் கரைந்த தண்ணீர் பாறையின் வெடிப்புக்குள் கசிந்து, உலர உலரக் கிளைகிளையாகப் படிந்த தாது. டென்ட்ரைட் என்பார்கள். அதில் நடு நரம்பு இருக்காது, காம்பு இருக்காது, இலைக்கு ஓர் எல்லை இருக்காது. வெடிப்பு எதுவரை போகிறதோ அதுவரை கிளைத்துப் போகும். கிரானைட்டில்கூட இது வரும் என்பதே போதுமான சாட்சி. கிரானைட்டுக்குள் பெரணி முளைக்க முடியாது.

மரம் என்று நம்பிக் கொண்டுவருபவர்களும் உண்டு. நைஸ் பாறையில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை ஓடும். அறுத்த பலகை போலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் பட்டைகளுக்குள் அபிரகம் மின்னும், படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். உண்மையான கல்மரம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். 1781-ல் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா குறித்து வைத்த இடம் அது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள், மெல்ல மெல்லச் சிலிக்காவாக மாறிக் கிடக்கின்றன. குறுக்கே உடைந்த முகத்தில் மரத்தின் துளைகள் ஊசி குத்திய மாதிரி தெரியும். பூக்கும் மரங்களில்தான் அந்தத் துளைகள் இருக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அவை இல்லாமல் பரப்பு ஒரே சீராக இருக்கும். இரண்டு வகையும் திருவக்கரையில் உண்டு. ஒரு மணி நேரம் அங்கே குனிந்து பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் நைஸ் பாறை உங்களை ஏமாற்றவே முடியாது. அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

உருண்டைக் கற்களின் கதை இன்னும் பெரியது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர் வாரியபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளியே வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, கூட்டம் கூடியது. நிபுணர்கள் பார்த்து, அவை அம்மோனைட் (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன உயிர்) போன்ற கடல் உயிர் எச்சங்களைச் சுற்றிப் படிவு உருண்டு இறுகியவை என்று விளக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் முட்டை என்று நினைத்ததில் தப்பே இல்லை. அரியலூர், பெரம்பலூர் உண்மையிலேயே பழைய கடலடி. ஆனால் நம் பக்கம் குன்றடியில் கிடக்கும் உருண்டைகளுக்கு அந்தக் கதையும் பொருந்தாது. அவை, பாறையே வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாக நிற்பவை. முட்டை என்றால் ஓடு வேண்டும், ஓட்டுக்கு ஒரே சீரான கனம் வேண்டும், ஓட்டில் மூச்சுத் துளைகள் வேண்டும்.

படித்தவர்களும் இந்த இடத்தில் வழுக்குவார்கள். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகையின் கூரையில் டிக்கின்சோனியா என்ற 55 கோடி ஆண்டுப் பழைய உயிரின் பதிவு இருக்கிறது என்று 2021-ல் ஆய்விதழில் கட்டுரையே வந்தது. உலகமே பேசியது. மறு ஆண்டு வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்தால், அந்தப் 'பதிவு' உரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மலைத்தேனீ கட்டிய அடையின் மிச்சம் அது என்று 2023-ல் எழுதினார்கள். முதலில் அறிவித்த ஆய்வாளரும் அதை ஒப்புக்கொண்டார். நம் ஊர்ப் பாறைச் சரிவுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் தேனடை காய்ந்து உதிர்ந்த கறையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பாறைக்குள் இருக்கிறதா, பாறை மேல் ஒட்டியிருக்கிறதா என்ற சின்னக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அதைவிட எனக்குப் பிடித்தது, தவறு தெரிந்ததும் தயங்காமல் ஒப்புக்கொண்ட அந்த மனம். சேகரிப்பவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

வினிகர் சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. நுரைத்தால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் சிப்பி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூரில் கார்பனடைட் என்றொரு பாறை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து உருகி மேலே வந்த நெருப்புப் பாறை, ஆனால் அமிலம் பட்டால் நுரைக்கும். உயிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, கழிவறை கழுவும் ஆசிடைக் கல்மேல் ஊற்றிப் பார்க்காதீர்கள். உங்கள் கைக்கும் ஆபத்து, கல்லிலே உண்மையான சிப்பி இருந்தால் அதன் வரிகளும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இனி காசு கொடுத்து வாங்குவது. இங்கேதான் என் சொந்த அனுபவம் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில், நெடுக்கே இரண்டாக அறுத்து மெருகேற்றிய அம்மோனைட் ஒன்றை வாங்கினேன். விற்றவர் "ஜவ்வாது மலையில் கிடைத்தது சார், லோக்கல் சரக்கு" என்றார். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. நம் மலையில் கிடைத்தது என்ற பெருமையிலேயே கேட்ட விலையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் படிவம் உண்மையானதுதான். சுருளின் உள்ளே அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள், ஒவ்வொரு அறையின் சுவரிலும் தேன் நிறத்தில் பொடிப் படிகங்கள் வளர்ந்து நிற்கின்றன. வெளிப்பக்கத்தில் அந்தத் தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு, கோலத்தின் ஓரம் மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது. இந்த நெளிகோடு அம்மோனைட்டின் கையெழுத்து. நத்தைக்கு அது கிடையாது, ஏனென்றால் நத்தை ஓட்டுக்குள் அப்படி அறைகள் இல்லை. செதுக்குபவர்களால் அதைச் சரியாகப் போட முடிவதும் அபூர்வம். ஆக, பொருள் நிஜம். ஊர் பொய். இப்படி இரண்டாக அறுத்து மெருகேற்றி உலகமெங்கும் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் மடகாஸ்கர் தீவிலிருந்து வருகின்றன. ஜவ்வாது மலையில் கடலே இருந்ததில்லை என்பது அன்று தெரிந்திருந்தால், "லோக்கல்" என்ற சொல்லுக்காக நான் அந்தக் காசைக் கொடுத்திருக்க மாட்டேன்.

காசு போனதைவிட அந்த ஊர்ப் பொய் ஏன் பெரிய விஷயம் என்பதற்கு 1989-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 'நேச்சர்' இதழில், இந்தியப் பேராசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக இமயமலையில் கிடைத்ததாக எழுதிவந்த படிவங்களில் பல, உண்மையில் வேறு நாடுகளைச் சேர்ந்தவை என்று காட்டினார். அதில் மொராக்கோ அம்மோனைட்டும் இருந்தது. படிவங்கள் எல்லாம் அசல். கிடைத்த இடம் மட்டும் பொய். அந்த ஒரு பொய்யால், இமயமலையின் வயதையும் பழைய கடல்களையும் பற்றி அவற்றை நம்பி எழுதப்பட்டவை எல்லாம் சந்தேகத்துக்குள்ளாயின. கிடைத்த இடம் தெரியாத படிவம் அழகுப் பொருளாக அலமாரியில் இருக்கலாம். எதற்கும் சாட்சி சொல்லாது.

சோளிங்கர் போன்ற தலங்களுக்குப் போகும் குடும்பங்களில் சாளக்கிராமம் வைத்துப் பூஜிப்பார்கள். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்புக் கற்களில் சக்கரமாகத் தெரிவது பல நேரம் அம்மோனைட்டின் பதிவுதான். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதிக் கடலில் வாழ்ந்த உயிர்கள், இமயம் எழுந்தபோது மலையோடு மேலே வந்தவை. சந்தையில் வார்ப்புச் சாளக்கிராமமும் நிறைய. அசலில் சக்கரத்தின் ஆரங்களை விரலால் தொடர்ந்து போங்கள்: நடுவில் ஒற்றையாகக் கிளம்பும் ஆரம், வெளி விளிம்பை நெருங்கும்போது பெரும்பாலும் இரண்டாகப் பிரியும், ஒன்றுக்கொன்று இடைவெளி லேசாக மாறும். கருவியால் வெட்டியதில் ஆரங்கள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும், பள்ளத்தின் அடியில் கீறல் தெரியும். வார்ப்பில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகள் இருக்கும். பூஜையில் இருக்கும் கல்லைச் சுட்டுப் பார்ப்பதோ சுரண்டிப் பார்ப்பதோ வேண்டாம். வாங்கும் முன் லென்ஸ் போதும்.

மொராக்கோ டிரைலோபைட்டுகள், அதாவது உடல் கண்டம் கண்டமாக இருந்து அழிந்துபோன கடல் உயிர்களின் படிவங்கள், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அசலும் உண்டு, பாதி அசல் பாதி ரெசினும் உண்டு, முழுக்க வார்ப்பும் உண்டு. விற்பவரின் மற்ற படங்களையும் பாருங்கள். ஒரே வளைவு, ஒரே விரிசலோடு இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே அச்சு. கையில் வந்த பிறகு, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் பசையும் ரெசினும் பல நேரம் தனியாக ஒளிரும். சில தாதுக்களும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் தேய்த்தால் பூசிய சாயம் பஞ்சில் வரும். மரப்பிசின் இறுகிக் கல்லான ஆம்பர் என்றால், இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் மிதக்க வேண்டும். கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் வயது குறைந்த கோபால் பிசினும் மிதக்கும். அதன்மேல் இந்த நகப்பூச்சுத் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் பிசுபிசுக்கும்.

நம் மண்ணில் நிஜமாகவே கிடைக்கக்கூடிய, ஆனால் படிவம் என்று தவறாக எண்ணப்படும் ஒரு பொருளைச் சொல்லியே ஆக வேண்டும். வழுவழுப்பாகத் தேய்த்த, ஒரு முனை கூராக, உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். 'மிருகத்தின் பல்' என்று ஒருவர் என்னிடம் காட்டினார். அது புதிய கற்காலக் கோடரி. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடங்கள் கிடைத்தன. பல்லாக இருந்தால் எனாமல் பளபளப்பும் அதற்கு அடியில் வேறு நிறப் பகுதியும் இருக்கும். கோடரியில் ஒரே பாறை, இரு பக்கமும் தேய்த்த தடம். இதைச் சேகரிப்பில் வைத்துக்கொள்ள ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, மனிதர் செய்த பொருள் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ, கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் கிடக்கும் எந்தக் கல்லையும் எடுக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது என்ன என்று உறுதி செய்ய ஆள் வேண்டுமென்றால், படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நாலு பக்கமும் எடுத்த படம், உடைந்த முகத்தை நெருக்கமாக எடுத்த படம், அது கிடந்த இடத்தின் படம், இவ்வளவும் வேண்டும். சென்னையில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினரோ, நிலவியல் துறை உள்ள கல்லூரி ஆசிரியர்களோ முதலில் கேட்பது "எங்கே கிடைத்தது?" என்பதைத்தான்.

என் அலமாரியில் ஒரு மாத்திரை டப்பாவில் தோட்டா வடிவத்தில் ஒரு பழுப்புக் கல் இருக்கிறது. பெலம்னைட், கணவாய் மீனின் தூரத்துச் சொந்தத்தின் உள்ளோடு. உள்ளே மடித்து வைத்த தாளில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காரை, பெரம்பலூர் மாவட்டம். ஊருக்கு வெளியே களிமண் ஓடைச் சரிவு. மழைக்கு மறுநாள், தரையில் தனியாகக் கிடந்தது. நான் எடுத்தேன்." அதற்கு மேல் தட்டில் மடகாஸ்கர் அம்மோனைட். அதன் தாளில் விற்றவர் சொன்ன ஊரை அடித்துவிட்டு, "இடம் தெரியாது, விலைக்கு வாங்கியது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.